"அரசு ஆவன செய்யுமா?" – குமரி மாவட்டத்து ஊர்த் தொழில்களுக்காகச் சட்டமன்றத்தில் எதை, எப்படிக் கேட்பது

சட்டமன்றக் கேள்விக்கு ஒரு பழகிய வடிவம் உண்டு. "இன்ன ஊரில் இன்னது அமைக்க அரசு ஆவன செய்யுமா?" அதற்குப் பழகிய பதிலும் உண்டு. "அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை." அமைச்சர் அதைப் படித்து முடித்ததும் அவை அடுத்த கேள்விக்குப் போய்விடும். நம் ஊர் ரப்பரும் தேனும் கருப்பட்டியும் இப்படித்தான் பலமுறை அவைக்குள் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன.

234 உறுப்பினர்களில் நம் மாவட்டத்துக்கு 6 பேர்: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். கேள்வி நேரத்திலும், துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்திலும் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் அவர் என்ன பேசுவார் என்பது, அதற்கு முன் தொழில் செய்கிறவர்கள் அவர் கையில் கொடுத்த காகிதத்தைப் பொறுத்தது. அந்தக் காகிதத்தில் "ரப்பர் விவசாயிகளைக் காப்பாற்ற வேண்டும்" என்று மட்டும் இருந்தால், "அரசு உரிய நடவடிக்கை எடுத்து வருகிறது" என்பதைத் தவிர வேறு பதில் வர வழியில்லை. எந்தத் துறை, எவ்வளவு பணம், எந்த விதி என்று இருந்தால் பதிலும் அதே அளவுக்கு இறங்கி வந்தாக வேண்டும்.

முதலில் ரப்பர். இதில்தான் கோரிக்கை தவறான கதவைத் தட்டுவது அதிகம்.

ரப்பர் வாரியம் 1947ஆம் ஆண்டு ரப்பர் சட்டப்படி இயங்கும் மத்திய அமைப்பு. இறக்குமதி வரியும் மத்திய அரசின் கையில்தான். இயற்கை ரப்பருக்கு 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது வரி. 2023-24 மத்திய பட்ஜெட்டில் கலவை ரப்பருக்கான 10 சதவீத வரியையும் இதே அளவுக்கு உயர்த்தினார்கள். ஆக, இறக்குமதியைப் பற்றிச் சென்னையில் கேள்வி கேட்டால் "மத்திய அரசுக்குக் கடிதம் எழுதப்பட்டுள்ளது" என்பதோடு முடிந்துவிடும். அதை எம்.பி.யிடம் கொடுக்க வேண்டும்.

சென்னையில் கேட்கக்கூடியது விலை ஊக்கத்தொகை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள அரசு 2015இல் கிலோவுக்கு 150 ரூபாய் என்று ஓர் ஆதரவு விலையை நிர்ணயித்தது. ரப்பர் வாரியம் அறிவிக்கும் விலை அதற்குக் கீழே போனால், இடைப்பட்ட தொகையை மாநில அரசே விவசாயியின் வங்கிக் கணக்கில் போடும். 2021இல் அது 170 ஆனது, 2024இல் 180. இது முழுக்க மாநில அரசின் பட்ஜெட் பணம்; மத்திய அனுமதி எதுவும் வேண்டியதில்லை. நம் பக்கம் களியலில் வெட்டிய ரப்பர் பாலுக்கும் கேரளப் பக்கம் வெள்ளறடையில் வெட்டிய பாலுக்கும் சந்தை விலை ஒன்றுதான், இரண்டுக்கும் கோட்டயம் விலையே அடிப்படை. ஆனால் விலை சரியும்போது கைகொடுப்பது ஒரு பக்கத்துக்கு மட்டும்.

இதைக் கேட்கும்போது செலவுக் கணக்கையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஆயிரம் டன் என்பது பத்து லட்சம் கிலோ. விலை இடைவெளி கிலோவுக்கு 10 ரூபாய் என்றால் ஆயிரம் டன்னுக்கு அரசுக்கு ஆகும் செலவு ஒரு கோடி. இந்த ஒரு வரி இருந்தால் நிதித்துறை "பெரும் நிதிச்சுமை" என்று பொதுவாகச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அடுத்து, எத்தனை டன் என்று கேட்பார்கள். பில் போட்டு விற்ற சரக்குக்குத்தான் ஊக்கத்தொகை கொடுக்க முடியும். கேரளத்திலும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் வழியாக விற்பனைப் பில்லைப் பதிவு செய்துதான் பணம் வருகிறது. நம் பக்கம் நிறையப் பேர் ஒட்டுப்பாலையும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்) ரப்பர் ஷீட்டையும் துண்டுச்சீட்டுக்கு விற்றுவிடுகிறோம். திட்டம் வரும் நாளில் கையில் பில் இல்லாதவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். எனவே, "மாவட்டத்தில் பதிவு பெற்ற ரப்பர் வியாபாரிகள் வழியாக ஆண்டுக்கு எத்தனை டன் கொள்முதல் ஆகிறது?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அந்தப் பதிலை வைத்துத்தான் இரண்டாவது கேள்வி.

ஊக்கத்தொகையை விடச் சிறிய, ஆனால் எளிதில் கிடைக்கக்கூடிய இன்னொன்று ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் பொதுப் புகை அறை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் சொந்தமாகப் புகை அறை கட்ட முடியாது. ஷீட் அடிப்பது எல்லாருக்கும் தெரியும்: பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து ரப்பர் அளவை 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் நாலு லிட்டருக்கு அரைக்கிலோ ஷீட் ஒன்று. பார்மிக் ஆசிட்டை நன்றாக நீர்த்து ஊற்றி உறைய வைத்து, ரோலரில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்து, நிழலில் நீர் வடிய விடுவது. பிசகுவதெல்லாம் இதற்குப் பிறகுதான். புகை அறையில் 40 முதல் 60 டிகிரி வரை சீரான சூட்டில் நாலைந்து நாள் காய வேண்டிய ஷீட், அடுப்பங்கரைப் பரணிலும் வாசல் கொடியிலும் கிடக்கிறது. ஆனி, ஆடி மழையில் பூசணம் பிடிக்கும். உள்ளே ஈரம் நின்று வெள்ளைப் புள்ளி தெரியும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் குமிழி விடும். நாலாம் தரமாக, ஆர்.எஸ்.எஸ். 4 ஆகப் போக வேண்டிய சரக்கு அடுத்த தரத்துக்கு இறங்கிவிடும். அருமனை, குலசேகரம், கடையாலுமூடு பகுதியில் சங்கத்துக்கு ஒரு புகை அறை, கூடவே மே மாதத்துக்குள் மரத்தில் கட்டும் மழைத்தடுப்பு பிளாஸ்டிக்கும் அதை ஒட்டும் தாரும் மானிய விலையில் என்று கேட்டால், அது வேளாண் மானியக் கோரிக்கைக்குள் அடங்கும் சிறு தொகை. விலை ஊக்கத்தொகைக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் இதையாவது வாங்கிவிடலாம்.

அரசு ரப்பர் கழகத் தொழிலாளர் கூலி, குடியிருப்பு பற்றிய கேள்வி வேளாண்மைக்குப் போகாது. 1984இல் தொடங்கிய அந்தக் கழகம் வனத்துறையின் கீழ் வருகிறது. வன மானியக் கோரிக்கை நாளில் எழுப்பினால்தான் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் எழுந்து பதில் சொல்வார்.

நம் மாவட்டத்துக்கே உரிய முடிச்சு தனியார் காடுகள் சட்டம். தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949. இதன் கீழ் வரும் நிலத்தை விற்க, அடமானம் வைக்க, குத்தகைக்கு விட, மரம் வெட்ட, எதற்குமே ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி வேண்டும். காட்டைக் காக்க வந்த சட்டம். அதன் நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பழைய சர்வே எண் முழுதாகப் பட்டியலில் இருந்தால், பின்னாளில் உட்பிரிவாகி ஐம்பது சென்ட், ஒரு ஏக்கராகச் சிதறிய ரப்பர்த் தோட்டமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ரப்பர் மரத்துக்கு ஆயுள் இருபத்தைந்து, முப்பது வருடம். பால் வற்றியதும் வெட்டி மறுநடவு செய்தே ஆக வேண்டும். வெட்ட அனுமதி தள்ளிப்போனால் தோட்டம் வருமானமில்லாமல் நிற்கும். புதுக் கன்று வைத்தாலும் பால்வெட்டுக்கு வர ஏழு வருடம். அடமானம் வைக்க முடியாததால் வங்கிக் கடனும் நின்றுவிடுகிறது. தொழிற்கடன் முகாம் எத்தனை நடத்தினாலும் மலையோரத்து ஆட்கள் கடன் வாங்க முடியாமல் போவதற்கு இது பெரிய காரணம்.

இது மாநிலச் சட்டம். மாற்ற அதிகாரம் உள்ள இடம் சட்டமன்றம்தான். இந்த மாவட்டத்து நில உரிமைக்கென்று தனிச் சட்டம் இயற்றிய அனுபவமும் அந்த மன்றத்துக்கு உண்டு. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து 1956 நவம்பர் 1இல் நாம் வந்து சேர்ந்த பிறகு, 1964இல் கன்னியாகுமரி ஸ்ரீபண்டாரவக நிலங்களுக்கென்றே (கோயிலுக்கு உரிய நிலங்கள்) ஒரு சட்டம் வந்தது. ஆனால் "சட்டத்தை ரத்து செய்" என்று கேட்டால் வனத்துறை முழுமையாக எதிர்க்கும். எதிர்ப்பதில் நியாயமும் இருக்கிறது. "இத்தனை ஏக்கருக்குக் குறைந்த, ஏற்கெனவே ரப்பர், தென்னை, வாழை நின்ற பட்டா நிலத்துக்கு அனுமதி முடிவு இத்தனை நாளுக்குள் சொல்லப்பட வேண்டும், அடமானத்துக்கு மட்டும் விலக்கு" என்று கேட்பதுதான் நடக்கக்கூடிய கோரிக்கை. அதற்கு ஊர் வாரியாகப் பட்டியல் வேண்டும்: பழைய சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, பயிர், நட்ட ஆண்டு, மனு கொடுத்த தேதி. கடைசியில் உள்ள தேதிதான் முக்கியம். எத்தனை மனு எத்தனை மாதமாக நிலுவையில் கிடக்கிறது என்ற எண்ணிக்கை அவையில் ஒலித்தால் அதைச் சும்மா கடந்துபோக முடியாது.

தேனுக்கு வருவோம். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மட்டி வாழை 2023இல் பெற்றது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, குமரி கிராம்பு, மயிலாடி கல் சிற்பம் எல்லாமே பட்டியலில் உண்டு. மாலை போட்டு, இனிப்பு வழங்கியாயிற்று. ஆனால் குறியீடு கிடைத்ததாலேயே தேனீப் பெட்டி வைத்திருப்பவர் எவரும் அந்த முத்திரையைப் பாட்டிலில் ஒட்டிவிட முடியாது. பதிவு பெற்ற சங்கம் ஒன்று உரிமையாளராக இருக்கும். ஒவ்வொரு உற்பத்தியாளரும் "அங்கீகரிக்கப்பட்ட பயனர்" என்று தனியாகப் பதிய வேண்டும். அலுவலகம் சென்னை கிண்டியில். பயனர் பதிவுக் கட்டணத்தை 2020இலேயே 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, தடையாக நிற்பது கட்டணம் இல்லை. விண்ணப்பம் நிரப்பவும் ஆவணம் சேர்க்கவும் ஆள் இல்லை என்பதுதான். வட்டாரத்துக்கு ஒரு நாள் முகாம் போட்டு எல்லாரையும் பதிந்துவிடலாம். இது செலவே இல்லாத கோரிக்கை.

தேனில் செலவு பிடிக்கும் இடம் ஈரப்பதம். நம் தேனில் பெரும்பங்கு ரப்பர் தளிர்க்கும் தை முதல் பங்குனி வரை வருவது. பூவிலிருந்து அல்ல; இளந்தளிரின் இலைக்காம்பில் சுரக்கும் மதுவிலிருந்து. நம் நாட்டுத் தேனீ, அடுக்குத் தேனீ, அடையை முழுதாக மூடும் முன்பே எடுத்துவிட்டால் தேனில் தண்ணீர் கூடுதலாக நிற்கும். உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கும் ஈரப்பதம் 20 சதவீதம். அதைத் தாண்டினால் புளித்து நுரைத்துவிடும். பெரிய கொள்முதல்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அடையில் முக்கால் பங்காவது மெழுகு மூடிய பிறகு எடுப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் சீசனில் பெட்டி நிறைந்து வழியும்போது யாரும் காத்திருப்பதில்லை. வீட்டில் அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினால் ஈரம் குறையும், கூடவே எச்.எம்.எப். என்ற பொருள் ஏறும். கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டினால் தரச் சோதனையில் தோல்வி. எனவே வேண்டியது குறைந்த சூட்டில், காற்றழுத்தம் குறைத்து ஈரத்தை இழுக்கும் பொதுச் சேவை மையமும், எடுத்த இடத்திலேயே ஈரத்தைப் பார்க்க சங்கத்துக்கு ஒரு ஒளிவிலகல்மானியும். முன்னதைக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையின் குழுமத் திட்டத்தில் கேட்க வேண்டும். வேளாண்மையில் கேட்டால் "தேனீ பெட்டிகள் மானியத்தில் வழங்கப்படுகின்றன" என்ற பதிலே வரும், ஏனென்றால் அந்தத் துறையிடம் இருப்பது பெட்டிதான்.

பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் எனும் தேனீப் புழு நோய் வந்து தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்கள் அழிந்தன. நம் மாவட்டத்துத் தேன் தொழிலே படுத்து எழுந்தது. இப்போதும் மானியப் பெட்டி வழங்கும்போது கூட்டம் எங்கிருந்து வருகிறது, நோய் பார்த்தாயிற்றா என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆடி, ஆவணியில் மது கிடைக்காத காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுக்காவிட்டால் புதுக் கூட்டம் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். மிச்சம் காலிப் பெட்டி. "எத்தனை பெட்டி வழங்கப்பட்டது?" என்று கேட்காமல் "வழங்கியதில் ஓராண்டு கழித்து எத்தனையில் தேனீ உள்ளது?" என்று துணைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

கடன் திட்டங்களைப் பொறுத்தவரை மாநிலத்திடம் திட்டங்களுக்குக் குறைவில்லை. வேலையில்லா இளைஞர் திட்டத்தில் 25 சதவீத மானியம். உற்பத்தித் தொழிலுக்கு 15 லட்சம் வரையிலான திட்டம், மானிய உச்சம் 3.75 லட்சம். புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான திட்டம், மானிய உச்சம் 75 லட்சம், 3 சதவீத வட்டிச் சலுகை. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை. நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையம் விண்ணப்பத்தை வங்கிக்குப் பரிந்துரைக்கும். அதன் பிறகு எல்லாம் வங்கி மேலாளர் கையில்.

பத்து லட்சத்தில் ஒரு தேங்காய் எண்ணெய்ச் செக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுப்பிரிவினர் 10 சதவீதம், அதாவது ஒரு லட்சம் போட வேண்டும். மீதி ஒன்பது லட்சம் வங்கி. மானியம் 2.5 லட்சம் கைக்கு வராது. வங்கியில் வைப்பாக நின்று, தொழில் குறித்த காலம் ஓடிய பிறகே கடனில் கழியும். இது தெரியாமல் மானியத்தை நம்பிக் கொப்பரை வாங்கத் திட்டமிட்டவர்கள் நடைமுறை மூலதனம் இல்லாமல் முதல் ஆறு மாதத்திலேயே திணறுகிறார்கள். இந்த ஒன்பது லட்சம் போன்ற சிறு தொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நடப்பில் பத்திரம் கேட்கிறார்கள். தனியார் காடுகள் பட்டியலில் உள்ள நிலத்துக்காரர் அங்கேயே நின்றுவிடுகிறார். வங்கி மத்திய அரசின் கட்டுப்பாடு என்றாலும் சட்டமன்றத்தில் கேட்க இடமிருக்கிறது: "மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைத்தவை எத்தனை, வங்கி அனுமதித்தவை எத்தனை, பணம் வழங்கியவை எத்தனை, மறுத்ததற்கு எழுத்தில் சொன்ன காரணம் என்ன?" இந்த நாலு எண்ணும் தொழில் மையத்தில் இருக்கும். அவையில் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

மின்கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம், சட்டமன்றம் அல்ல. ஆனால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி மாநில அரசு தன் பணத்தில் மானியம் கொடுக்கலாம். செக்கு, மாவு மில், கயிறு முறுக்கும் எந்திரம் வைத்திருப்பவர்கள் நிலைக் கட்டணம் பற்றிப் பேசும்போது "குறைக்க வேண்டும்" என்று சொல்வதை விட "65ஆம் பிரிவில் மானியம்" என்று சொன்னால் எரிசக்தித் துறை தட்டிக்கழிக்க முடியாது. 12 கிலோவாட்டுக்குக் கீழ் மின்பளு உள்ளவர்கள் தங்கள் இணைப்பு குறுந்தொழில் விகிதப்பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் மின் அட்டையைப் பார்த்துவிடுவதும் நல்லது.

பனைக்கு 2021 ஆகஸ்ட் 14இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட் ஒரு நல்ல வழியைக் காட்டியது: பனை வெட்ட ஆட்சியர் அனுமதி, ரேஷன் கடையில் கருப்பட்டி. இன்று கேட்க வேண்டியது அக்கானி (பதநீர்) காய்ச்சுபவரிடமிருந்து நேரடிக் கொள்முதலும் சீனி கலந்த கருப்பட்டியைக் கண்டுபிடிக்கச் சோதனை வசதியும்தான். முந்திரி ஆலைகளுக்கும் தோவாளைப் பூ வியாபாரத்துக்கும் தனியாகவே எழுத வேண்டிய அளவுக்கு விஷயம் இருக்கிறது.

இனி, எந்தக் கருவியை எப்போது எடுப்பது. திடீர்ச் சேதம் என்றால் கவன ஈர்ப்புத் தீர்மானம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது நடைமுறையில் இருந்த பேரிடர் நிவாரண விதியில் பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஹெக்டேருக்குச் சுமார் 450 ரப்பர் மரம் என்றால் மரத்துக்கு 40 ரூபாய். மாநிலம் தன் பங்காகக் கூடுதல் தொகை சேர்க்கலாம் என்பதால் அது அவையில் கேட்க வேண்டிய விஷயம்; கேட்கும்போது இந்த 40 ரூபாயைச் சொல்லிக் கேட்க வேண்டும். நீண்டநாள் கோரிக்கை என்றால் மானியக் கோரிக்கை விவாதம், அதில் ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லிக் குறையைப் பதிவு செய்யும் வெட்டுத் தீர்மானம். முதலமைச்சர் பேரவை விதி 110இன் கீழ் அறிவிப்பு செய்யும்போது விவாதம் கிடையாது. அதனால் அறிவிப்பு வந்த பிறகு அதில் திருத்தம் சொல்ல அவையில் அப்போது இடமில்லை. முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

பட்ஜெட் மார்ச்சை ஒட்டி வரும். துறைகள் தங்கள் கருத்துருவை அதற்குப் பல மாதம் முன்பே நிதித்துறைக்கு அனுப்பிவிடும். ஆகவே சட்டமன்ற உறுப்பினர் கையில் குறிப்பு கார்த்திகை, மார்கழிக்குள் சேர வேண்டும். ஒரு பக்கம் போதும்: மேலே ஒரு வரியில் கோரிக்கை, அதன் கீழ் துறையின் பெயர், எத்தனை பேருக்குப் பயன், மதிப்பிட்ட செலவு, எந்த ஊரில் எந்தப் புறம்போக்கு அல்லது சங்க இடம் தயாராக உள்ளது, கடைசியில் இரண்டு துணைக் கேள்வி. அமைச்சரின் முதல் பதில் அதிகாரிகள் எழுதிக் கொடுத்தது. துணைக் கேள்வியில்தான் உறுப்பினர் சொந்தமாகப் பேச முடியும். இடம் தயாராக இல்லாத கோரிக்கை "இடம் கண்டறியப்பட்டு வருகிறது" என்ற பதிலில் பல வருடம் தூங்கும்.

அமைச்சர் "செய்யப்படும்" என்று அவையில் சொல்லிவிட்டால் அந்தத் தேதியையும் சொற்களையும் அப்படியே குறித்து வையுங்கள். சொன்ன வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. அடுத்த ஆண்டு அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அதையே முதல் கேள்வியாக எழுதிக் கொடுங்கள்.

பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வருவதாக ஆட்சியர் அலுவலகம் அறிவிக்கும்போது நேரடியாகவே மனு கொடுக்கலாம். தமிழில், ஐந்து நகல், குழுத் தலைவருக்கு முகவரியிட்டு. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் உள்ளது, வேலை, பட்டா, வங்கிக் கடன், தொழிற்கடன் கேட்கும் மனுக்களை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "எனக்குச் செக்கு வைக்கக் கடன் வேண்டும்" என்ற மனு அன்றே ஒதுங்கிவிடும். "எங்கள் ஊராட்சியில் இத்தனை பேரின் மரம் வெட்டும் அனுமதி மனு இத்தனை மாதமாக நிலுவையில் உள்ளது" என்ற மனு, வனத்துறை என்று ஒரே துறையைக் குறித்து, சர்வே எண் பட்டியலோடு ஐந்து நகலாகப் போனால், துறை அலுவலர் குழுவின் முன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.